லினக்ஸ் திரை அமைப்பை மாற்றிக் கெடுத்துவிட்டால்: அறிகுறி பார்த்து மீட்கும் வழிமுறை

திரை அமைப்பில் எதையோ மாற்றியதும் லினக்ஸ் பணிமேடை இருண்டுபோவதும், கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட கணினி மறுபடியும் உள்நுழைவுத் திரையிலேயே கொண்டுவந்து நிறுத்துவதும் நான் பலருக்குத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்த பழுதுகள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாக இருந்தது, பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்து கிடந்த, சில கிலோபைட் அளவே உள்ள ஓர் அமைப்புக் கோப்புதான். அந்த ஒரு கோப்பின் பெயரை மாற்றினாலே தீர்ந்துவிடும் சிக்கலுக்காக இயங்குதளம் முழுவதையும் மறுபடி நிறுவி, அந்த அவசரத்தில் பல ஆண்டுப் படங்களையும் ஆவணங்களையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வழிமுறையை எழுதுவது அதனால்தான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும், பேரெழுத்து தேவைப்படும் இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோப்புப் பெயரின் எழுத்துக்கூட்டல் குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை: முதல் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பிவிடும், நிரப்பவில்லை என்றால், அந்தப் பெயரில் அங்கே கோப்பு இல்லை அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ~ என்ற குறி உங்கள் வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

மின்பொத்தானை நீண்ட நேரம் அழுத்திக் கணினியை அணைக்காதீர்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால், திரைதான் கெட்டிருக்கிறதே தவிர இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. விளக்கு மாறாவிட்டாலும் உடனே முடிவுகட்ட வேண்டாம். வரைகலைப் பகுதி மட்டும் உறைந்து, அதன் அடியில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 விசையை அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கருப்புப் பின்னணியில் கணினியின் பெயரும் உள்நுழையக் கேட்கும் வரியும் தோன்றினால், நீங்கள் உரை முனையத்துக்கு வந்துவிட்டீர்கள். இனி எல்லாவற்றையும் இங்கிருந்தே சரிசெய்யலாம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுங்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது நட்சத்திரக் குறிகூடத் தோன்றாது, சுட்டுக்குறி இம்மியும் நகராது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று நினைத்து இந்த இடத்திலேயே கைவிட்டவர்கள் உண்டு. தட்டி முடித்து என்டர் கொடுங்கள், அவ்வளவுதான். மறுத்தால், எண்விசைப் பகுதி அணைந்திருக்கிறதா என்றும், விசைப்பலகை வேறு மொழி அமைப்பில் நிற்கிறதா என்றும் பாருங்கள். கடவுச்சொல்லைப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்தால் என்ன எழுத்து விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும், பார்த்ததும் அழித்துவிடுங்கள். வரைகலைத் திரைக்குத் திரும்ப, அதே விசைகளுடன் எஃப்1 அல்லது எஃப்2, பழைய வெளியீடுகளில் எஃப்7.

இடைமுகத்தைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை காத்திருக்கும். உரை முனையத்தின் எழுத்துரு அதிகபட்சம் 512 வடிவங்களையே தாங்கும்; தமிழ் எழுத்துகளை அதனால் காட்ட இயலாது. ஆகவே கணினி சொல்லும் செய்திகள் அனைத்தும் கட்டங்களாகவோ வினாக்குறிகளாகவோ தெரியும். கணினி கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம். 'எக்ஸ்போர்ட் எல்சி_ஆல்=சி' என்று தட்டினால், அந்த அமர்வில் மட்டும் செய்திகள் ஆங்கிலத்தில் வரும்; முதல் சொல் சிற்றெழுத்திலும், அதன் பின் வருவன எல்லாம் பேரெழுத்திலும் இருக்க வேண்டும்.

பிறகு, பழைய அமைப்புகளை எடுத்துவைக்க ஒரு கோப்புறையை உருவாக்குங்கள்: 'எம்கேடிஐஆர் ~/ஓல்டு'. இந்த வழிமுறை முழுவதிலும் உங்கள் கோப்பு எதையும் அழிக்கச் சொல்லப்போவதில்லை. அமைப்புக் கோப்புகளை 'எம்வி' கட்டளையால் இந்தக் கோப்புறைக்கு நகர்த்தத்தான் போகிறோம்: 'எம்வி' என்று தட்டி, இடைவெளி விட்டுக் கோப்பின் பாதையையும், மறுபடி இடைவெளி விட்டு '~/ஓல்டு' என்பதையும் தட்ட வேண்டும். ஊகம் தவறாகிவிட்டால், நகர்த்தியதை அப்படியே பழைய இடத்தில் வைத்துவிடலாம்.

இனிச் செய்யும் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கட்டளைகளைத் தட்டத் தொடங்குபவர்கள்தான் மணிக்கணக்கில் அலைகிறார்கள். 'சூடோ அட்யூசர் டெஸ்ட்' என்று ஒரு புதிய பயனரை உருவாக்கி, தேவைப்பட்டால் 'சூடோ பாஸ்வ்ட் டெஸ்ட்' என்று அதற்குக் கடவுச்சொல்லும் கொடுங்கள். சூடோ (எஸ், யூ, டி, ஓ) என்பது கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஓட்டும். இரண்டாவது கட்டளையின் எழுத்துகள் பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. பிறகு வரைகலை உள்நுழைவுத் திரையில் அந்தப் பயனராக நுழைந்து பாருங்கள். பணிமேடை ஒழுங்காக வந்தால் பழுது உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருக்கிறது. டிரைவரையோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கர்னலையோ தொடத் தேவையே இல்லை. புதிய பயனருக்கும் அதே கோளாறு வந்தால் பழுது இயங்குதள மட்டத்தில் இருக்கிறது. உள்நுழைவுத் திரையே தோன்றவில்லை என்றால் நேராக டிரைவர் பகுதிக்கு (அறிகுறி 5) செல்லுங்கள்.

உரை முனையமும் வரவில்லை, எந்த விசைக்கும் அசைவில்லை என்றால், ஆல்ட் விசையையும், பிரின்ட் ஸ்க்ரீன் விசையிலேயே இருக்கும் சிஸ்ரெக் விசையையும் பிடித்துக்கொண்டு, எஸ், யூ, பி ஆகிய எழுத்துகளை ஒவ்வொன்றாக, இரண்டு வினாடி இடைவெளி விட்டு அழுத்துங்கள். முதல் எழுத்து வட்டில் எழுதாமல் நிற்பவற்றை எழுதச் செய்யும், இரண்டாவது கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும், மூன்றாவது மறுதொடக்கம் செய்யும். ஆறு எழுத்துகள் கொண்ட நீளமான வரிசையைச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. ஆனால் உபுண்டு இயல்பாக அனுமதிப்பது இந்த மூன்றையும்தான். மின்பொத்தான் அதற்கும் பிறகு வர வேண்டிய வழி.

## அறிகுறி 1: தெளிவுத்திறனை மாற்றியதும் திரை இருண்டது, அல்லது மானிட்டர் 'உள்ளீடு பொருந்தவில்லை' என்கிறது

முழுக் கருப்பில் ஒரு சிறிய பெட்டி மட்டும் மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருக்கும். அந்தச் செய்தியைக் காட்டுவது லினக்ஸ் அன்று, மானிட்டரே. தன்னால் தாங்க இயலாத தெளிவுத்திறனையோ புதுப்பிப்பு வீதத்தையோ கணினி அனுப்புகிறது என்று அது சொல்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஓடிய மானிட்டரை 75 ஹெர்ட்ஸுக்கு மாற்றிய பின் இதைப் பார்த்தவர்கள் பலர்.

முதலில், கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஜிநோம் பணிமேடை, புதிய அமைப்பை நீங்கள் உறுதிப்படுத்தாவிட்டால் 20 வினாடிகளில் பழையதற்குத் திரும்பிவிடும்; மற்றப் பணிமேடைகளும் ஏறக்குறைய இப்படியே செய்கின்றன. இருண்ட திரையில் பதற்றத்துடன் என்டர் விசையைத் தட்டுவதுதான் தவறான அமைப்பை நிரந்தரமாக்குகிறது. ஒரு நிமிடம் எதையும் தொடாதீர்கள்.

இரண்டு திரைகள் இணைந்திருந்தால் சூப்பர் விசையுடன் (விண்டோஸ் சின்னமுள்ள விசை) பி எழுத்தை அழுத்துங்கள். வெளித்திரை மட்டும் என்ற நிலையில் வைத்துவிட்டு அந்தத் திரையின் கம்பியைக் கழற்றியதால் வரும் இருள் இதிலேயே தீர்ந்துவிடும்.

மடிக்கணினியானால் ஒளிர்வு விசையை ஏற்றிப் பாருங்கள். ஒளிர்வு அளவு அடியோடு இறங்கிப்போயும் திரை இருண்டதுபோல் தோன்றும். ஒரு கைவிளக்கைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சாளரங்களின் ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளி மட்டும்தான் இல்லை. மறுதொடக்கத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அது அமைப்புக் கோளாறன்று, வன்பொருள்.

அடுத்து, சேமித்த திரை அமைப்பை அகற்றுதல். உரை முனையம் பெரும்பாலும் மானிட்டருக்கு இயல்பான தெளிவுத்திறனிலேயே வரும் என்பதால், வரைகலைத் திரை இருண்டிருந்தாலும் இது தெளிவாகத் தெரியும். அங்கே உள்நுழைந்து, முதலில் வரைகலை அமர்வை நிறுத்துங்கள்: 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் டிஸ்ப்ளே-மேனேஜர்'. திறந்திருந்த செயலிகளில் சேமிக்காதவை போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். நிறுத்தாமல் கோப்பை நகர்த்தினால், ஓடிக்கொண்டிருக்கும் பணிமேடை தன் நினைவில் உள்ள தவறான அமைப்பையே திரும்ப எழுதிவிடக்கூடும்; இதனால்தான் 'கோப்பை அகற்றினேன், பயனில்லை' என்று பலர் சொல்கிறார்கள்.

நகர்த்த வேண்டிய கோப்பு பணிமேடைக்குப் பணிமேடை மாறும். கீழே வரும் வேலண்ட், எக்ஸ்11 ஆகியவை திரையில் படம் காட்டும் இரண்டு முறைகள், முன்னது புதியது. ஜிநோம், மாட்டே ஆகியவற்றில் '~/.கான்ஃபிக்/மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்'. சின்னமனில் அதே கோப்புறையில் 'சின்னமன்-மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்'. பிளாஸ்மா 6 வேலண்ட் அமர்வில், அங்கேயே இருக்கும் 'கேவின்அவுட்புட்கான்ஃபிக்.ஜேசன்', பழைய பிளாஸ்மாவிலும் எக்ஸ்11 அமர்விலும் '~/.லோக்கல்/ஷேர்/கேஸ்கிரீன்' என்ற கோப்புறை முழுவதும். எக்ஸ்எஃப்சிஈயில் '~/.கான்ஃபிக்/எக்ஸ்எஃப்சிஈ4/எக்ஸ்எஃப்கான்ஃப்' கோப்புறைக்குள் இருக்கும் ஒரே உட்கோப்புறையில் 'டிஸ்ப்ளேஸ்.எக்ஸ்எம்எல்', அதை நகர்த்துவதற்கு முன் 'பிகில் எக்ஸ்எஃப்கான்ஃப்டி' என்று தட்டி, அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் பின்னணிச் செயலியையும் நிறுத்துங்கள். நகர்த்தியதும் முதல் கட்டளையையே ஸ்டாப் என்ற சொல்லுக்குப் பதில் ஸ்டார்ட் போட்டுத் தட்டுங்கள். மானிட்டர் தனக்குப் பொருந்தும் அமைப்பைத் தானே கணினிக்குச் சொல்லிவிடும்.

எக்ஸ்11 அமர்வில் இருப்பவர்களுக்கு, திறந்த செயலிகளை இழக்காத இன்னொரு வழியும் உண்டு. இருண்ட வரைகலைத் திரையிலேயே கன்ட்ரோல், ஆல்ட், டி அழுத்தி, மூன்று வினாடி பொறுத்து, 'எக்ஸ்ஆர்ஏஎன்டிஆர் --ஆட்டோ' என்று பார்க்காமலே தட்டி என்டர் கொடுங்கள். பல வழங்கல்களில் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில்) அந்த விசைகள் டெர்மினலைத் திறக்கும் என்பதால் பெரும்பாலும் பலிக்கும். வேலண்ட் அமர்வில் இதற்குப் பயனில்லை. இந்தக் கட்டளையைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகள் பலவும் எக்ஸ்11 காலத்தவை.

கோப்பை நகர்த்திய பின்னும் உள்நுழைவுத் திரை உட்பட எல்லாமே இருண்டிருந்தால், '/ஈடிசி/எக்ஸ்11' கோப்புறையில் 'எக்ஸ்ஆர்ஜி.கான்ஃப்' என்று ஒரு கோப்பு உள்ளதா என்று பாருங்கள். எழுத்துகள் எக்ஸ், ஓ, ஆர், ஜி, கோப்புறைப் பெயரின் எக்ஸ் மட்டும் பேரெழுத்து. இன்றைய வழங்கல்களுக்கு அந்தக் கோப்பு தேவையே இல்லை. யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் எழுதியதாகவோ டிரைவர் கருவி உருவாக்கியதாகவோ இருக்கும். சூடோவுடன் அதையும் நகர்த்துங்கள்.

## அறிகுறி 2: எல்லாம் பூதாகரமாகத் தெரிகிறது, அல்லது படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிவிட்டது

உருப்பெருக்கத்தை 200 அல்லது 300 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டு, அமைப்புச் சாளரத்தின் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டதால் திரும்ப இறக்க முடியாமல் மாட்டிக்கொள்வது வழக்கமான கதை. இதற்கு உரை முனையம்கூடத் தேவையில்லை. ஜிநோமிலும் பிளாஸ்மாவிலும் சூப்பர் விசையை, எக்ஸ்எஃப்சிஈயிலும் சின்னமனிலும் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, சாளரத்தின் எந்த இடத்தையும் சுட்டியால் பற்றி இழுக்கலாம். தலைப்புப் பட்டை தெரிய வேண்டியதில்லை. மேலே இழுத்து, மறைந்த பொத்தானைக் கொண்டுவந்து அழுத்துங்கள்.

சுட்டியை நகர்த்தும்போது திரை முழுவதும் கூடவே நகர்கிறது என்றால், மாறியிருப்பது உருப்பெருக்க அளவன்று. பார்வை உதவிக்கான பெரிதாக்கி தற்செயலாக இயங்கிவிட்டது. ஜிநோமில் சூப்பர், ஆல்ட், 8 அதை அணைக்கும். பிளாஸ்மாவில் சூப்பருடன் 0. எக்ஸ்எஃப்சிஈயில் ஆல்ட் விசையைப் பிடித்துச் சுட்டியின் உருளையைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள்.

எழுத்துகள் மட்டும் பெரிதாகவோ, எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்களாகவோ இருந்தால் எழுத்துரு அமைப்பு கெட்டிருக்கிறது. தமிழ் எழுத்துரு ஒன்றை இடைமுகம் முழுவதற்கும் வைத்துவிட்டுப் பின்னர் அந்த எழுத்துருவையே நீக்கியவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஜிநோமில் 'ஜிசெட்டிங்ஸ் ரீசெட்-ரிகர்சிவ்லி ஆர்க்.ஜிநோம்.டெஸ்க்டாப்.இன்டர்ஃபேஸ்' என்ற ஒரே கட்டளை எழுத்துரு, எழுத்தளவு, தோற்றம் ஆகிய அனைத்தையும் இயல்புக்குக் கொண்டுவரும். அதிலும் தீராவிட்டால் '~/.கான்ஃபிக்/டிகான்ஃப்/யூசர்' கோப்பை நகர்த்துங்கள். விசைக்குறுக்குகள் உட்பட உங்கள் ஜிநோம் அமைப்புகள் எல்லாமே இயல்புக்குப் போய்விடும் என்பதால் இதைக் கடைசியாக மட்டும் செய்யுங்கள்.

## அறிகுறி 3: பேனல் காணோம், சாளரங்களுக்குத் தலைப்புப் பட்டை இல்லை

பின்னணிப் படமும் சுட்டியும் மட்டும் இருக்கும். பட்டி, கடிகாரம், அணைக்கும் பொத்தான் எதுவும் இருக்காது. கன்ட்ரோல், ஆல்ட், டி அழுத்தி டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள்.

தலைப்புப் பட்டைகள் மட்டும் மறைந்திருந்தால் சாளர மேலாளர் நின்றுபோயிருக்கிறது. எக்ஸ்எஃப்சிஈயில் 'எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 --ரீப்ளேஸ்' என்று அதை மறுபடி ஓட்டலாம். பட்டைகள் திரும்பியதும் அமர்வைச் சேமிக்காமல் வெளியேறி மீண்டும் நுழைந்து பாருங்கள். மறுபடி மறைந்தால், சேமித்த அமர்வில் சாளர மேலாளர் இல்லாமலே பதிவாகியிருக்கிறது, '~/.கேஷ்/செஷன்ஸ்' கோப்புறையை நகர்த்தினால் தீரும்.

பேனலுக்கு: மாட்டேயில் 'மாட்டே-பேனல் --ரீசெட்'. சின்னமனில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் அழுத்தினாலே பணிமேடை மறுபடி தொடங்கும், திறந்த சாளரங்களும் அப்படியே இருக்கும். பிளாஸ்மாவில் 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் பிளாஸ்மா-பிளாஸ்மாஷெல்'. அதற்கும் மசியாவிட்டால் '~/.கான்ஃபிக்' கோப்புறையில் 'பிளாஸ்மா-ஆர்க்' என்று தொடங்கி 'ஆப்லெட்ஸ்ஆர்சி' என்று முடியும் கோப்பை நகர்த்திவிட்டு வெளியேறி நுழையுங்கள். எக்ஸ்எஃப்சிஈயில் 'எக்ஸ்எஃப்சிஈ4-பேனல் --குவிட்', பிறகு 'பிகில் எக்ஸ்எஃப்கான்ஃப்டி', பிறகு முன்பு சொன்ன டிஸ்ப்ளேஸ் கோப்பின் அருகிலேயே இருக்கும் 'எக்ஸ்எஃப்சிஈ4-பேனல்.எக்ஸ்எம்எல்' கோப்பை நகர்த்துதல், இறுதியில் பேனலை மறுபடி ஓட்டுதல் என்ற வரிசை மாறக் கூடாது.

ஜிநோமில் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்ற செய்தியுடன் வெளியேறும் பொத்தான் மட்டும் கொண்ட வெண்திரை வந்தால், நீட்சி ஒன்றின் மீதுதான் என் முதல் ஐயம் விழும். உரை முனையத்தில் 'ஜிசெட்டிங்ஸ் செட் ஆர்க்.ஜிநோம்.ஷெல் டிசேபிள்-யூசர்-எக்ஸ்டென்ஷன்ஸ் ட்ரூ' என்று எல்லா நீட்சிகளையும் ஒரே அடியாக அணைத்து உள்ளே சென்று, பிறகு ஒவ்வொன்றாக இயக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்.

'யூனிட்டி --ரீசெட்' என்று சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். உபுண்டு 2017ஆம் ஆண்டின் 17.10 வெளியீட்டிலேயே அந்தப் பணிமேடையை விட்டு ஜிநோமுக்கு வந்துவிட்டது.

## அறிகுறி 4: கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி உள்நுழைவுத் திரைக்கே வருகிறது

தவறான கடவுச்சொல் என்றால் அதைச் சொல்லும். சொல்லாமல் ஒரு கணம் திரை இருண்டு, மறுபடி உள்நுழைவுத் திரையே வந்தால், கடவுச்சொல் ஏற்கப்பட்டுப் பணிமேடை தொடங்கிய உடனே விழுந்துவிட்டது என்று பொருள்.

எளியது: அமர்வின் வகை. உள்நுழைவுத் திரையில் உள்ள பல்சக்கரக் குறியையோ அமர்வுப் பட்டியலையோ திறந்து வேறொன்றைத் தேர்ந்து பாருங்கள். நீக்கிவிட்ட பணிமேடையையே கணினி இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். வேலண்டும் எக்ஸ்11உம் இரண்டும் பட்டியலில் இருந்தால் மாற்றிப் பாருங்கள், உபுண்டு 25.10 முதல் ஜிநோமுக்கு எக்ஸ்11 அமர்வு கொடுக்கப்படுவதில்லை என்பதால் அங்கே அதைத் தேட வேண்டாம்.

அடுத்தது: வட்டு நிரம்பியிருத்தல். உரை முனையத்தில் 'டிஎஃப் -ஹெச்' தட்டுங்கள். சாய்கோடு மட்டும் இருக்கும் வரியிலோ, வீட்டுக் கோப்புறைக்கான வரியிலோ 100 விழுக்காடு என்று இருந்தால் பணிமேடையால் தன் தற்காலிகக் கோப்புகளை எழுத முடியாது, அதனால் விழுகிறது. உபுண்டு, டெபியன் வகைகளில் 'சூடோ ஆப்ட் கிளீன்', எங்கும் 'சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்கம்-சைஸ்=200எம்' ஆகியவை உங்கள் கோப்புகளைத் தொடாமல் இடம் கொடுக்கும்; இரண்டாவதில் எம் பேரெழுத்து.

மூன்றாவது, நான் அதிகம் பார்த்தது: உரிமை மாறிய கோப்பு. அமைப்பு மாற்றம் நடக்கவில்லையே என்று வரைகலைச் செயலியை சூடோ போட்டு ஓட்டும்போது, உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே ரூட் எனும் நிர்வாகப் பயனருக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகிவிடுகின்றன. மறுநாள் உங்கள் பணிமேடைக்கே அவற்றைத் திறக்க உரிமை இருக்காது. 'ஃபைண்ட் ~ -யூசர் ரூட்' என்று தட்டினால் அத்தகையவை எல்லாம் வரிசையாக வரும். '.எக்ஸ்அத்தாரிட்டி', '.ஐசிஈஅத்தாரிட்டி', '.கான்ஃபிக்', '.கேஷ்' ஆகியவற்றில் எதுவும் அந்தப் பட்டியலில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் பயனர் பெயர் குமரன் என்றால் 'சூடோ சிஹெச்ஓடபிள்யூஎன் -ஆர் குமரன்: ' என்று எழுதி, அதன் பின் அந்தக் கோப்பின் பாதையை எழுதுங்கள்; ஆர் பேரெழுத்து, பெயருக்குப் பின் முக்காற்புள்ளி உண்டு; மேலே சொன்ன முதல் இரண்டு கோப்புப் பெயர்களில் எக்ஸும் ஐசிஈயும் பேரெழுத்து. வீட்டுக் கோப்புறைக்கு வெளியே எந்தப் பாதைக்கும் இந்தக் கட்டளையைக் கொடுக்காதீர்கள். முதன்மைச் சாய்கோட்டுக்குக் கொடுத்தால், இதுவரை இல்லாத பெரிய பழுதை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள்.

நான்காவது: '.ப்ரொஃபைல்', '.எக்ஸ்ப்ரொஃபைல்' போன்ற தொடக்கக் கோப்புகளில் அண்மையில் ஒரு வரி சேர்த்திருந்தால், அந்தக் கோப்பை நகர்த்திப் பாருங்கள். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் பணிமேடை எழாது.

## அறிகுறி 5: டிரைவரை மாற்றிய பின், அல்லது புதுப்பித்த பின், உள்நுழைவுத் திரையே வரவில்லை

இங்கே பழுது இயங்குதள மட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் என்விடியா வரைகலை அட்டையின் டிரைவர்.

முதலில் பழைய கர்னல். கணினி தொடங்கும்போது, புதிய கணினிகளில் உள்ள யூஈஎஃப்ஐ முறையில் எஸ்கேப் விசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் முறையில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது தோன்றும், எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியலில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் பணிமேடை வந்துவிட்டால், புதிய கர்னலுக்கு டிரைவர் கூறு உருவாகவில்லை என்று பொருள். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையில் புதிய கர்னலின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே '/பூட்' பிரிவு நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்திலிருந்து டிரைவர் நிறுவியவர்கள், நிறுவியவுடன் மறுதொடக்கம் செய்யக் கூடாது. பின்னணியில் கூறு உருவாகச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் மறுதொடக்கம் செய்தவர்களுக்குத்தான் கருந்திரை வருகிறது.

அடுத்து, நோமோட்செட்: டிரைவரின் திரை அமைப்பைத் தவிர்த்து எளிய முறையில் தொடங்கச் சொல்லும் சொல். க்ரப் பட்டியலில் முதல் வரியின் மீது நின்று ஈ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியின் இறுதிக்குச் சென்று, இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து, அதே வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்கள் இருந்தால் அவற்றை நீக்கி, கன்ட்ரோலுடன் எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் ஒரே ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால் தவறாகிவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. படம் மந்தமாகவும் தெளிவுத்திறன் குறைவாகவும் வரும், அதுவே போதும். இந்த நிலையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம், இது உள்ளே சென்று பழுதைச் சரிசெய்வதற்கான வாசல் மட்டும்தான்.

உள்ளே வந்ததும் உபுண்டு வகைகளில் 'மோகியூடில் --எஸ்பி-ஸ்டேட்' என்று தட்டிப் பாருங்கள். எழுத்துகள் எம், ஓ, கே, யூ, டி, ஐ, எல். செக்யூர் பூட் (கையொப்பமிடாத கூறுகளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்குகிறது என்று அது சொன்னால், டிரைவர் நிறுவியபோது ஒரு கடவுச்சொல் கேட்கப்பட்டதையும், மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வந்ததையும் நினைவுகூருங்கள். அந்த நீலத்திரையில் சாவியைப் பதிவுசெய்யாமல் 'தொடர்க' என்று கடந்துவிட்டால் கர்னல் அந்த டிரைவரை ஏற்காது. டிரைவரை மறுபடி நிறுவி, இம்முறை அந்தத் திரையில் சாவியைப் பதிவுசெய்யும் தெரிவை எடுத்து, நீங்கள் கொடுத்த அதே கடவுச்சொல்லைத் தட்டுங்கள்.

சாவிச் சிக்கல் இல்லையென்றால் டிரைவரை முழுவதும் நீக்கி நிறுவுவதே குறுக்கு வழி. 'ஆப்ட் பர்ஜ்' கட்டளையுடன் என்விடியா என்று தொடங்கும் தொகுப்புகளைக் கொடுத்து, நீக்கப்போகும் பட்டியலை என்டர் கொடுக்கும் முன் ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். பணிமேடையின் பெயரும் அதில் இருந்தால் மறுத்துவிடுங்கள். நீக்கியதும் திறந்தநிலை நூவோ டிரைவரில் பணிமேடை வரும். பிறகு 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' உங்கள் அட்டைக்குப் பொருந்துவதைத் தானே தேர்ந்து நிறுவும். நிறுவனத் தளத்திலிருந்து 'ரன்' கோப்பைப் பதிவிறக்கி நிறுவியிருந்தால், முதலில் 'சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்' கட்டளையால் அதை நீக்க வேண்டும். இரு வழிகளிலும் நிறுவிய டிரைவர்கள் ஒன்றோடொன்று மோதும். வழங்கலின் களஞ்சியத்தில் கிடைக்கும் டிரைவரை விட்டு அந்தக் கோப்பை நாட வேண்டிய தேவை மிக அரிது என்பது என் உறுதியான கருத்து.

டைம்ஷிஃப்ட் போன்ற கருவியால் முந்தைய நிலையைச் சேமித்து வைத்திருந்தால், இவை எதையும் செய்யாமல் உரை முனையத்திலேயே 'சூடோ டைம்ஷிஃப்ட் --ரீஸ்டோர்' கொடுத்துத் திரும்பிவிடலாம்.

## அறிகுறி 6: பணிமேடை வராமல் நேராக உரை முனையத்தில் நிற்கிறது

'சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்' தட்டுங்கள். மல்டி-யூசர் என்று வந்தால், 'சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்' கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள், வேலை முடிந்தது.

கிராஃபிக்கல் என்றே வந்தால், ஏதோ ஒன்றை நீக்கும்போது பணிமேடையும் சேர்ந்து நீங்கியிருக்கலாம். '/வர்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்' கோப்பின் கடைசிப் பகுதியை 'லெஸ்' கட்டளையால் படித்து, ரிமூவ் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். என்ன போயிற்று என்று அங்கே எழுதியிருக்கும். உபுண்டு-டெஸ்க்டாப், குபுண்டு-டெஸ்க்டாப், சுபுண்டு-டெஸ்க்டாப், மின்ட்-மெட்டா-சின்னமன் ஆகியவற்றில் உங்களுக்கு உரியதை 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து நிறுவினால் பணிமேடை முழுவதும் திரும்பும்; உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் வீட்டுக் கோப்புறையில் பத்திரமாகவே இருக்கும். வைஃபை இணைக்க 'என்எம்டியூஐ' என்ற உரைப் பட்டி உதவும். ஃபெடோராவில் 'சூடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டு லாஸ்ட்' கடைசி நிறுவல் நடவடிக்கையை அப்படியே பின்னோக்கி மாற்றும்.

## எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வல்லுநரை அழைக்க வேண்டும்

கணினியை இயக்கிய உடனே, லினக்ஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் நிறுவனச் சின்னத்திலும் பயாஸ் பக்கத்திலும் கோடுகளோ நிறத் திட்டுகளோ தெரிந்தால், மேலே சொன்ன எந்தக் கட்டளையும் உதவாது. அட்டை, கம்பி, திரைப்பலகை ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கிறது. மடிக்கணினியின் திரை இருண்டு, வெளித்திரையில் படம் தெளிவாக வந்தாலும், கைவிளக்குச் சோதனையில் பின்னொளி இல்லை என்று தெரிந்தாலும் அப்படியே.

உரை முனையத்தில் 'சூடோ டிமெஸ்ஜ்' தட்டும்போது வட்டின் பெயருடன் 'ஐ/ஓ எரர்' என்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், மறுதொடக்கத்தையும் நிறுவலையும் உடனே நிறுத்திவிடுங்கள். அது தேய்ந்துவரும் வட்டு. ஒவ்வொரு முயற்சியும் மீட்கக்கூடியதைக் குறைக்கும். தரவை மீட்பவரிடம் அந்த நிலையிலேயே கொண்டுசெல்லுங்கள்.

வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்து அதன் கடவுத்தொடர் மறந்துபோயிருந்தால் வட்டின் பிரிவுகளைத் தொட வேண்டாம். அலுவலகக் கணினியானால், அதன் நிர்வாகியைக் கேட்காமல் க்ரப் வரியைக்கூட மாற்றாதீர்கள். யாரிடம் கொண்டுசென்றாலும், '~/ஓல்டு' கோப்புறையில் எவற்றை எடுத்துவைத்தீர்கள், எந்தக் கட்டளைகளைத் தட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புதிய பயனர் சோதனையின் விடை அதன் முதல் வரியாக இருக்கட்டும்.